ஹெக்டேருக்கு எத்தனை கிலோ

தலைமையகம் கேட்ட அட்டவணையில் இரண்டே பத்தி:
இலங்கை, இந்தோனேசியா.
வயலுக்குப் போன அமோனியா உரம்,
ஹெக்டேருக்கு, வருடவாரியாக.
பீடோர் உர ஸ்டோரில்
மூட்டை நெடி கண்ணைக் கரிக்க
நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.

வலப்பத்தி படியேறிப் போகிறது.
இடப்பத்தி
ஓரிடத்தில் கால் வழுக்கி விழுகிறது.
உரம் வராத வருடம்.
அந்த எண்ணைத் தட்டவும்
மற்ற எண்களுக்கான நேரம்தான் ஆனது.

குறிப்பு எழுத இடம் விட்டிருந்தால்
கிளிநொச்சி சகாயநாதன் அண்ணன்
அந்தப் போகத்தில் அனுப்பிய படத்தைச் சொல்லியிருப்பேன்:
காமாலை கண்ட நெல்,
ஓரத்தில் அவர் செருப்பு மட்டும்.
கீழே ஒரு சொல்லும் இல்லை.

நுராய்னி உள்ளே வருகிறாள்.
லொம்போக்காரி. மூட்டைக்கு இத்தனை வெள்ளி என்று
செம்பனைக்கு யூரியா வீசுபவள்.
விரல் இடுக்கெல்லாம் வெந்திருக்கிறது.
கையுறை கேட்டாள்.

தேடும்போது சொன்னாள்:
ஊரில் அப்பாவுக்கு மானிய உரம் தீர்ந்துவிட்டதாம்,
இந்த மாதச் சம்பளத்தில் நாலு மூட்டை யூரியா.

இங்கே வீசி
அங்கே வாங்குகிறாள்.
வலப்பத்தியின் ஏதோ ஒரு தசமத்தில்
அந்த நாலும் இருக்கும்.
இவள் வீசுவதற்குத்தான்
இந்தத் தாளில் பத்தி கிடையாது.

வெளியே மழை வருவதா வேண்டாமா என்றிருக்கிறது.
வராவிட்டால் பாதி ஆவியாகிவிடும்;
கொட்டினால் ஆற்றுக்கு.

பெட்டியின் அடியில் ஒரு ஜோடி கிடைத்தது.
இரண்டுமே இடது கை.
ஒன்றைப் புரட்டி மாட்டிக்கொண்டு
மழையை முந்தப் போனாள்.