வெள்ளிக்கிழமை ரத்தம்

குலசேகரத்திலிருந்து முதல் பேருந்து.
எந்தக் கை என்று ஸ்டெனிலா சிஸ்டர் இப்போது கேட்பதில்லை.
போன வாரம் குத்தாததை நானே நீட்டுகிறேன்.

ரப்பரிலும் அப்படித்தான்.
ஒரு நாள் வெட்டு, ஒரு நாள் விடுப்பு.
கத்தி ஆழம் போனால் தடியில் காயம்,
மேலோடு போனால் பால் இல்லை.

என் சிவப்புக்குள் வெள்ளையை எண்ணுகிறார்கள்.
அது குறைந்தால் மாத்திரை நிற்கும்.
மாத்திரை நின்றால்
அவன் வருவான்.

பதினோரு வருடம்
முந்நூற்றிருபது மரத்தையும் என்னோடு எண்ணியவன்.
மூன்று மணி இருட்டில், தலைவிளக்குக்குப் பின்னால் நின்று,
மரத்துக்கொரு கெட்ட வார்த்தை.
விஜிலா கஞ்சியில் விஷம் வைத்தாள் என்றதும் அவன்தான்.
வேறு இரண்டு மருந்துக்கும் பணியாதவன்
இந்த மஞ்சள் மாத்திரையின் பதினாலாவது வாரம்
நூற்றுப்பத்தாவது மரத்தடியில் நின்றுவிட்டான்.
மீதியை நான் எண்ணினேன்.
இரண்டு தடவை தப்பியது.

ராத்திரி கடைவாயில் எச்சில் ஒழுகுகிறது.
தலையணைமேல் துண்டு விரிக்கிறாள் விஜிலா.
"செரட்ட கெட்டி வைக்கட்டா?" என்று ஒருநாள் கேட்டாள்.
ரெண்டு பேரும் சிரித்தோம்,
பிறகு அவள் மட்டும் முகம் கழுவப் போனாள்.

மூன்று மணிக்கு உடம்பு எழும்பாது.
விடிந்து வெட்டினால் பால் குறைவு, கூலியும்.
வயிறு மூன்று நாள் போகாவிட்டால்
வெட்கப்படாமல் சொல்ல வேண்டுமாம்.
பீடியை விடுவதானால்கூடச்
சொல்லிவிட்டுத்தான் விட வேண்டுமாம்,
புகை நின்றால் அதே மாத்திரை ரத்தத்தில் ஏறுமாம்.
பீடியை விட அனுமதி கேட்கும் முதல் ஆள் நானாக இருக்கும்.

ஆனி மழை.
மரங்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் பாவாடை.
தொண்டை நொந்தது, காய்ச்சல்.
நான் சுக்குக்காப்பி கேட்டேன்.
அவள் சேலை மாற்றிக்கொண்டிருந்தாள்.
"காச்சல் வந்தா வெள்ளிக்கெழம வர பொறுக்கப்பிடாது.
அட்டையில எழுதியிருக்கு. எழும்பும்."

ஆட்டோவில் அழகியமண்டபம் தாண்டும்போது
என் கை அவள் மடியில்,
மடக்கிய அட்டை அவள் ஜாக்கெட்டுக்குள்.

ஆசாரிப்பள்ளத்தில் லேபுக்கு வெளியே பெஞ்சு.
தகரத்தில் விழும் துளிகளை
யாரோ எண்ணத் தொடங்கினார்கள்.
நானா, அவனா.
கெட்ட வார்த்தை வருகிறதா என்று
நாற்பது வரை காத்திருந்தேன்.
வரவில்லை.

ஒன்றரை மணிக்குத் தாள் வந்தது.
இரண்டாயிரத்து நூறு.
"கொறஞ்சிருக்கு. ஆனா போதும்" என்றார்
தூக்கம் கலையாத டாக்டர்.
"இன்னைக்கு மாத்திரை உண்டு.
ஞாயித்துக்கெழம திரும்ப வரணும்."

ஞாயிறு.
இடது கை.