பராமரிப்பு நாள்

மாதத்தில் மூன்றாம் சனிக்கிழமை, காலை ஒன்பதுக்கு
மன்னார்குடி நகர ஃபீடரை
நான்தான் நிறுத்துவேன்.
பிரேக்கர் டக்கென்று விழும்.
லாக் புத்தகத்தில் நேரம், கையெழுத்து.
அந்த ஃபீடரின் கடைசிக்கு முந்தின கம்பத்தில்
என் வீடு. வீட்டின் பின்னறையில்
இரண்டரை அடிக் கடல்.

கடல் என்று சொன்னால் இருதயராஜ் சிரிப்பான்.
நாகப்பட்டினத்திலிருந்து மீன் வண்டி ஓட்டுபவன்;
ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே
வாரம் ஒரு கேன் உப்புத்தண்ணீர் கொண்டுவருவான்.
"இருவது லிட்டரை வச்சுக்கிட்டுக் கடலாம்ல."

நான் வாங்கியது இரண்டு கோமாளி மீன்கள், ஒரு கல்.
மீன்கள் ஆடிக்குள் செத்துப்போயின.
கல்லின் பொந்திலிருந்து ஒரு ராத்திரி
டார்ச் வெளிச்சத்தில் ஊர்ந்து வந்தன,
அழைக்காமல் குடிவந்த நத்தைகள்.
ஒவ்வொன்றும் ஒரு தோட்டுத் திருகாணி அளவு.

பக்கத்து வீட்டு வைரக்கண்ணு எட்டிப் பார்த்தார்.
"திங்கலாமா?"
இல்லை.
"வெலைக்குப் போவுமா?"
இல்லை.
"வயல்ல நத்தைய அள்ளி அள்ளிக் கொட்டுறோம்.
உப்பு உள்ள ஏறுதுன்னு
கிழக்க கதவணை கேட்டு மனு குடுக்குறோம்.
நீ என்னடான்னா
காசு குடுத்து உப்பைக் கூட்டியாந்து
நத்தைக்கு விருந்து வைக்கிற."
பதில் தோன்றவில்லை.
டீ கொடுத்தேன்.

தினமும் தொட்டியில் நீர் கொஞ்சம் இறங்கும்.
காற்றில் போவது தண்ணீர் மட்டும், உப்பு போகாது;
ஈடுகட்ட நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.
மேட்டூரில் திறந்து, கல்லணையில் பிரிந்து,
பாமணி ஆற்றோரம் மண்ணுக்குள் இறங்கி,
போர்வெல்லில் ஏறி, வடிகட்டியில் சொட்டி,
கடைசியில் என் கையால்
கடலில் கலக்கிறது காவிரி,
நாளைக்கு முக்கால் லிட்டர்.

முட்டையை முதலில் பார்த்தவள் சௌந்தரி.
"கண்ணாடியில யாரோ தையல் போட்டிருக்காங்க."
அவள் ஜாக்கெட் ஓரத்துக்கு அடிக்கும் ஜிக்ஜாக்கைப் போல
வளைந்து வளைந்து ஒரு வெள்ளை நூல்.
ஏழாம் நாள் நூல் காலி.
லென்ஸில் பார்த்தால் தூசி நீந்துகிறது,
தூசிக்கு இரண்டு சிறகு.
சிறகோடு பிறந்து, அதை உதிர்த்துவிட்டுத்தான்
ஊர்ந்து போகப் பழகுமாம்.
எதுவும் அதுவரைக்கும் வரவில்லை.
பம்பு இழுத்துக்கொண்டது.
அடுத்த நூலையும்.
பதினோரு நூல்களை சௌந்தரி
பால் கணக்குக்குப் பக்கத்தில் குறித்து வைத்தாள்.

பம்பை நிறுத்தினால் பெரியவை திணறும்,
ஓடவிட்டால் சின்னவை அரைபடும்.
ஊருக்கே மின்சாரம் விடுகிறவன்
இதற்கு எந்த சுவிட்ச் என்று தெரியாமல் நின்றேன்.

பன்னிரண்டாம் நூல் பொரிந்தது ஐப்பசியில்,
ஒரு வெள்ளி இரவு.
மறுநாள் பராமரிப்பு.
பேட்டரி மோட்டார் மழையில் நனைந்து கெட்டிருந்தது.
நாளிதழில் அறிவிப்பு வந்தாயிற்று,
இன்சுலேட்டர் மாற்ற ஆட்கள் ஏணியோடு நிற்கிறார்கள்.
ஒன்பது மணி.
கையை வைத்தேன். எடுத்து
பேண்ட்டில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தேன்.
டக்.

அன்றைக்கு முழுக்க சௌந்தரி
குவளையால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றியிருக்கிறாள்,
டீ ஆற்றுவது போல.
மத்தியானம் போன் செய்தேன்.
"சாவல" என்றாள். வைத்துவிட்டாள்.

பத்தொன்பது நாள் கழித்து
பாசி படர்ந்த மூலையில், பேனா முனை பட்டது போல்
ஒரு புள்ளி.
துடைக்கத் துணியை எடுத்தேன்.
புள்ளி நகர்ந்தது.

பம்பு நின்றதாலா, அவள் ஆற்றியதாலா,
தானாகவே நேரம் வந்ததா, தெரியாது.
இருதயராஜிடம் சொன்னேன். இந்தமுறை சிரிக்கவில்லை.
"ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் நடுவுல
கடலே செத்த நேரம் நிக்குமுங்க" என்றான்.

நான் எண்ணியதில் நாற்பத்தொன்று.
சௌந்தரி நாற்பத்து மூன்று என்கிறாள்.
வைரக்கண்ணு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
வேட்டி நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டு
குனிந்தவர் குனிந்தபடியே கேட்டார்:
"இதுல எதுய்யா?"