வதிவிட அத்தாட்சி

தம்மாமில் இரவு பதினொன்றரை என்றால்
மல்லாகத்தில் விடியப்புறம் இரண்டு மணி.
கேதீஸ் வாய்க்குள்தான் கதைக்கிறார்.
ஒரு அறையில் எட்டுப் பேர்,
நாலு பேருக்கு நாளைக்கும் வேலை இருக்கிறது.
அவருக்கு வேலை போய் இருபத்தொரு நாள்.

இன்னும் எவ்வளவு நாள் அங்கே இருக்கலாம் என்று கேட்டேன்.
கொம்பனி மனேஜர் முப்பது என்றானாம்.
மேல்கட்டில் நேபாளப் பெடியன் அறுபது என்கிறான்.
மெஸ்ஸில் சோறு போடுகிற மலையாளி
"எல்லாம் கடதாசியில இருக்கு, கடதாசி ஆரிட்ட இருக்கு?"
என்று கேட்டுவிட்டுப் பருப்பை ஊற்றினாராம்.
கடதாசி கொம்பனியிடம்.
பாஸ்போர்ட்டும் கொம்பனியிடம்.
கொம்பனி வாசலில் புதுப் பூட்டு.

இக்காமா முடிகிற திகதியை
கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் எழுதி
பிரிட்ஜில் ஒட்டினேன்.
மகள் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு
"அப்பா வாற நாளோ?" என்றாள்.
ஓம் என்றும் சொல்லலாம்,
இல்லை என்றும் சொல்லலாம்.
பல்லை மினுக்கு, வான் வரப்போகுது என்றேன்.

பணியகத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும்.
முறைப்பாட்டுக்கு ஜி.எஸ். கடிதம் வேண்டும்.
ஜி.எஸ். கடிதத்துக்கு
அவர் இந்த ஊரில் இருக்கிறார் என்று இருக்க வேண்டும்.

யசோதினி மிஸ் இடாப்பைப் புரட்டினா.
"பேர் வெட்டியிருக்கே தங்கச்சி. ஆள் இங்க இல்லையே?"
"இங்கதான் மிஸ்."
"இப்ப எங்க நிக்கிறார்?"
"தம்மாமில."
"அப்ப வதிவிடம் அங்கதானே."
"அங்கயும் இல்லையாம் மிஸ்."

அவவும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.
எனக்குப் பின்னால் உரமானியத்துக்கு வந்த ஐயா
இருமுவதை நிறுத்தினார்.

அவர் இங்கே இருக்கிறார் என்பதற்கு
என்னைக் கேட்டால் காட்டுவேன்.
பின்னறை கட்ட இறக்கின சீமெந்தில்
ஒரு பை மிஞ்சி, மழையில் நனைந்து கல்லாய்ப் போனது.
அதில் ஏறி நின்றுதான் பிள்ளை லைற் சுவிட்ச் போடுவாள்.
இரண்டு யன்னலுக்கு நிலை வைத்தாயிற்று,
மூன்றாவதுக்கு ஓட்டை மட்டும்.
என் தாலிக்கொடி ஸ்ரான்லி ரோட்டில் அடகில்,
ரசீதில் அவருடைய கையெழுத்து.
ஹெல்மெற்றுக்குள் எறும்பு.
இதெல்லாம் எந்தப் படிவத்திலும் கேட்பதில்லை.

மிஸ் பேனையை எடுத்தா.
நிரந்தர வதிவாளர் என்று எழுதினா.
கமா போட்டா.
தற்காலிகமாக வெளிநாட்டில் என்று எழுதினா.

அந்தச் சொல்லை எனக்குத் தெரியும்.
இதே மல்லாகத்தில், முகாமில்,
தொண்ணூறில் மயிலிட்டியால் ஓடிவந்த அம்மாவின் அட்டையில்
தற்காலிக வதிவிடம் என்றுதான் இருந்தது.
நான் அதற்குள்தான் பிறந்தேன், பெரியபிள்ளையானேன்,
கலியாணமும் கட்டினேன்.
காணி விட்டபோது அம்மா இல்லை.
வேண்டாம் மிஸ், அந்தச் சொல்லை எடுங்கோ
என்று சொல்ல வாய் வந்தது.
எடுத்தால் கடிதம் பொய்யாகிவிடும்.
பேசாமல் இருந்தேன்.

இரவு வாசித்துக் காட்டினேன்.
கொம்பனி நேற்று எழுதிக் குடுத்திட்டுதாம்,
இந்த ஆள் ஓடிப்போனவன் என்று.
"கட்டில்ல இருந்து கேக்கிறன்," என்றார்,
"எங்கயடி ஓடினனான்?"
பிறகு ஏசியை நிறுத்திவிட்டார்கள் என்றார்.
பிறகு ஒன்றும் சொல்லவில்லை,
யாரோ குறட்டை விடுகிற சத்தம் மட்டும்.

"இன்னொருக்கா வாசி."
வாசித்தேன்.
"முத்திரை வடிவா விழுந்திருக்கோ?"

கொஞ்சம் சரிஞ்சுதான் விழுந்திருக்கு.
ஊர்ப்பேர் வாசிக்கலாம்.