வால் சில்லு

ஏழு மணிக்குக் கொட்டகைப் பூட்டில் பனி.
மானாப்புல்லில் ஓடுபாதையை ஒருமுறை நடந்து பார்ப்பது
என் வேலை.
சாணம், கல், நேற்றைய சோடா மூடி,
இராத்திரி பன்றி கிளறிய குழி.
குழியில் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டினேன்.

நமுனுகுலை தொப்பி போட்டிருக்கிறது.
பத்து மணிக்கு மேல் கச்சான் எழும்பும்.
காற்றுப்பை இன்னும் தொங்குகிறது, காயப்போட்ட காற்சட்டைக்கால் மாதிரி.

எண்ணூறு மீற்றருக்கு அப்பால்
பழைய லொறி எஞ்சின் பூட்டிய வின்ச்.
அதில் அந்தோனிமுத்து.
இங்கிருந்து அவர் முகம் தெரியாது, சுழலும் விளக்குத்தான்.
அவருக்கு என் முகம் தெரியாது, கைதான்.
தாழ வீசினால், தொய்வை இழு.
தலைக்கு மேல் வீசினால், முழு வேகம்.
இரு கையும் செங்குத்தாய் நிமிர்ந்தால்
நிறுத்து.
இரண்டு வருடம் இப்படியே பேசினோம்.
அவர் மகன் சாவுக்குப் போனபோதுதான்
குரலைக் கேட்டேன்.

வடம் புல்லில் கிடக்கிறது.
தேர் வடமல்ல, தொட்டுக் கும்பிட.
கிடக்கும்போதும் அதைத் தாண்டாதே, சுற்றிப் போ.
அதில் ஒரு கண்ணி உண்டு,
அளவுக்கு மேல் இழுபட்டால்
முதல் ஆளாய் உடைவதற்கென்றே செய்தது.
பெட்டியில் ஒரு டசின் வைத்திருக்கிறோம்.
உடைந்துவிட்டதென்று அதை யாரும் ஏசுவதில்லை.

இன்று ரெஜினா முதன்முதலாகத் தனியே.
பதுளை ஆஸ்பத்திரியில் தாதி,
இரவுப் பணி இல்லாத நாளாகப் பார்த்து வந்திருக்கிறாள்.
நூலில் உள்ளபடி, நன்றாகத் தூங்கிவிட்டு.

விசைகள்? முழுதும் அசையுது, தடையில்லை.
பட்டி? ஐந்தும்.
பிரேக்? உள்ளே, பூட்டியாச்சு.
மூடி? மூடித் தள்ளியும் பார்த்தாச்சு.
வடம் அறுந்தால்?
முதலில் மூக்கு கீழே. பிறகு வேகம்.
பிறகுதான் யோசனை.

ஊசி பிடித்துப் பழகிய விரல்கள்
கைப்பிடியில் வெளுத்திருந்தன.

கொளுவினேன்.
இறக்கையைச் சமனாய் ஏந்தினேன்.
மேலே, பின்னே, இரு பக்கமும் பார்த்தேன்,
வானம் காலி.
தாழ வீசினேன் கையை.
வடம் ஊர்ந்தது.

“ஏய், நிப்பாட்டு! நிப்பாட்டு!
வால்ல அந்தக் குட்டிச் சில்லு அப்படியே கெடக்கு!”

கம்பி வேலிக்கு அந்தப்பக்கம்,
தலையில் விறகுக்கட்டோடு ஒரு மனுசி.

கேட்டது காதுதான், ஆனால்
என் கைகள் இரண்டும் எனக்கு முன்னே நிமிர்ந்துவிட்டன.
ரெஜினா மஞ்சள் குமிழை இழுத்தாள்.
தூரத்தில் விளக்கு அணைந்தது.

கொட்டகையிலிருந்து தள்ளிவர நான் மாட்டிய சில்லு.
நான் கழற்றாத சில்லு.
ஆறு கிலோ இருக்கும்.
வாலில் அந்தப் பாரத்தோடு ஏறினால்
மூக்கு, தாழச் சொன்னாலும் தாழாமல் போகலாம்.
பார்க்க வேண்டிய இடமெல்லாம் பார்த்தேன்,
என் கை பட்ட இடத்தைத் தவிர.

கொப்பியில் எழுத வேண்டும்:
நேரம், காரணம், நிறுத்தியவர்.
பெயர் கேட்டேன்.
மருதவள்ளி, ரெண்டாம் டிவிசன்.
“எதுக்கு எழுதுறீங்க? ஏதும் குத்தமா?”

இல்லை அக்கா, இங்கே ஒரு சட்டம்.
நிறுத்தென்று யாரும் சொல்லலாம்.
சொன்னதும் நிறுத்துவோம்,
ஏனென்று பிறகுதான் கேட்போம்.

விறகை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள்.
“கொழுந்து நிறுக்கிறவன்கிட்ட
நானும் எத்தனையோ தரம் சொல்லிப் பாத்துட்டேன்.”

என்ன சொல்வதென்று தெரியவில்லை.
நேரத்தை மட்டும் எழுதினேன்: பத்து பதினெட்டு.

மறுபடியும் தொடக்கத்திலிருந்து.
விசைகள், பட்டி, பிரேக், மூடி.
ரெஜினாவின் குரல் இம்முறை மெதுவாய் வந்தது,
ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு.
கச்சான் வந்துவிட்டது, காற்றுப்பை நிமிர்ந்து நின்றது.

கழற்றிய சில்லைத் தூக்கி
வேலிப்பக்கம் காட்டினேன்.
கண்ணுக்கு மேல் கைவைத்துப் பார்த்தாள்,
வாலையும் பார்த்தாள்,
தலையாட்டினாள்.

பிறகுதான்
கையைத் தாழ வீசினேன்.