ஒப்

காரணம் என்ற கட்டத்துக்குள்
மூன்று வரிதான் கொள்ளும்.
காற்று, கயிறு, கவனக்குறைவு:
இவற்றில் ஒன்றை எழுதி மூடிவிடுவது வழக்கம்.
பதினோரு வருடமாக அப்படித்தான் மூடுகிறேன்,
எஸ்பியர்க் துறைமுகத்தின் விபத்துப் பிரிவில்.

இந்தத் தாளை மட்டும்
நான்கு நாளாகப் பைக்குள் வைத்துக்கொண்டு அலைகிறேன்.

பிப்ரவரி ஒன்பது. விடிய இன்னும் ஒரு மணி நேரம்.
காற்றாலைத் தூண்களைச் சுமந்து நின்ற கப்பல்.
அடித்தட்டில் வீப்ரென், ஃப்ரீஸ்லாந்துக்காரன்,
இடக்கையால் சங்கிலியைப் பிடித்தபடி
வலக்கையால் ஃபிளாஸ்க்கைக் கவிழ்த்துப் பார்த்தான்.
ஒரு சொட்டு விழுந்தது, அதுவும் ஆறிப்போனது.
ஒப், என்றான் பக்கத்தில் நின்றவனிடம்.
தீர்ந்துபோச்சு.
அவன் ஊரில் பால் தீர்ந்தாலும் ஒப், காசு தீர்ந்தாலும் ஒப்.
இரட்டை ஷிப்ட் பார்த்துவிட்டுப் படியேற முடியாமல்
சுவரில் சாய்கிறவன்
தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதும் அதேதான்.

தோளில் மாட்டியிருந்த வாக்கி டாக்கியின் பொத்தான்
பனியில் உறைந்து
அமுங்கியபடியே நின்றுவிட்டது அவனுக்குத் தெரியாது.

நாற்பது மீட்டர் உயரத்தில், கிரேன் அறையில்,
எகோன் கேர்ஸ்கோர், டென்மார்க்காரர்,
இருபத்தாறு வருடத்தில் ஒரு போல்ட்டைக்கூடத் தவறவிடாதவர்,
கேட்டார்: ஒப்.
மேலே.
தூக்கினார்.

இரண்டு விரல்.

விசாரணையில் எல்லோரும் உண்மையே சொன்னார்கள்.
அதுதான் தொல்லை.
வெல்டர் ஹைக்கோ, ஜெர்மன்காரர்,
எங்களில் அது அவுஃப் என்றார்,
மேலே என்பதுதான், ஆனால் கதவு திறந்து கிடந்தாலும் அவுஃப்.
ஐஸ்லாந்து மாலுமி சொல்லிக் காட்டியபோது
உ-வுக்கும் ப்-க்கும் நடுவே ஒரு மூச்சு நழுவியது,
குளிரில் உள்ளங்கையை ஊதிக்கொள்வதுபோல.
காப்பீட்டுக் கம்பெனியின் ஆங்கிலேயர்
பேனாவை மூடிக்கொண்டே,
எங்கள் அப்பும் யோக்கியமில்லை, என்றார்,
டைம் அப் என்றால் நேரம் எங்கேயும் ஏறிப்போவதில்லையே.
சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.
நான் நார்வேக்காரி. என் சொல்லும் அதே வீட்டுப் பிள்ளை.
ஒரு ப் கூட்டி எழுதுவோம், அவ்வளவே.

அன்றிரவு அகராதியை எடுத்தேன்.
இத்தனைக்கும் ஒரு தாய்ச்சொல் உண்டாம்.
அதன் தலைமாட்டில் ஒரு நட்சத்திரக் குறி:
யாரும் எழுதி வைக்கவில்லை,
எவர் காதிலும் விழுந்ததற்குச் சாட்சியில்லை,
பிள்ளைகளின் முகஜாடையை வைத்து
ஊகித்து வரைந்த தாய் என்று அர்த்தம்.
அவளுக்கு எப்படிச் சம்மன் அனுப்புவது?
பிள்ளைகளோ எப்போதோ பாகம் பிரித்துக்கொண்டார்கள்.
ஒருத்திக்கு ஏணி. ஒருத்திக்குத் திறந்த கதவு.
ஒருத்திக்கு உயரம், கூடவே காலிப் பாத்திரமும்.
கடைசிச் சொட்டுக்காகக் குவளையை
உயரத் தூக்கினார்களோ என்னவோ,
அகராதியில் அது இல்லை, நானாக நினைத்துக்கொண்டது.

நேற்று கையெழுத்து வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன்.
எகோன் எனக்கு முன்பே வந்திருந்தார்,
இஸ்திரி போட்ட சட்டை, மடியில் ஃபிளாஸ்க்.
இருவரும் ஓட்டை ஆங்கிலத்தில்
பனி எப்போது விடும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.
விரலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
எனக்கும் ஒரு கோப்பை கிடைத்தது.
அடுத்ததை ஊற்றும்போது ஃபிளாஸ்க் இருமியது.
வீப்ரென் கட்டுப்போடாத கையால் அதை வாங்கி,
கவிழ்த்து, உள்ளே பார்த்து,
பழக்கதோஷம்,
ஒப், என்றான்.

எகோன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

சிரிக்கலாமா என்று எங்களுக்குத் தெரியவில்லை.
அவரை உட்காரச் சொல்ல
எந்த மொழி பத்திரம் என்று
வீப்ரென் யோசித்துக்கொண்டிருந்தான்.