பக்கவாட்டு

எண்ணூர் விரைவுச்சாலையில் வண்டி நின்று
ஒன்பது மணி நேரம்.
முன்னால் நூற்றுப்பத்து டிரெய்லர்.
துறைமுகத்துக் கேட் நகரும்வரை
என் கையில் ஒரு டாங்கி இருக்கிறது.

இருக்கிறது என்றா சொன்னேன்.
இருந்தது. நாற்பது நொடி.

திரை கறுத்து, கீழே ஒரு வரி:
உன்னைக் கொன்றவர் இன்னார்,
அறுநூறு மீட்டரிலிருந்து.
நான் அவரைப் பார்க்கவே இல்லை.
ஒரு மரத்தைப் பார்த்தேன்.
அந்த மரம்தான் சுட்டிருக்க வேண்டும்.

ஹெவி லைசென்ஸ் எடுத்து இருபத்திரண்டு வருஷம்.
நாற்பதடி கன்டெய்னரை மாதவரம் யார்டில்
ஒரே ஒடிப்பில் ரிவர்ஸ் விடுவேன்,
டீக்கடை பெஞ்சில் உரசாமல்.
கிளீனர் இம்தாத் பின்னால் நின்று
வா வா என்று தட்டக்கூட வேண்டாம்.
அப்பேர்ப்பட்டவன்
கட்டைவிரலால் ஓட்டும் வண்டியில்
திரும்பத் தெரியாமல் சுவரில் முட்டி
ஊருக்கே முதுகைக் காட்டி நிற்கிறேன்.

எந்த நாட்டுப் பொடியனோ
எந்த மொழியிலோ திட்டுகிறான்.
மொழி புரியவில்லை, திட்டு புரிகிறது.
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில்
வண்டி ஆஃப் ஆகி நின்றவனுக்கு
அதற்கெல்லாம் அகராதி தேவையில்லை.

முதல் வாரம் நெட்டைக் குறை சொன்னேன்.
இரண்டாம் வாரம் போனை.
அப்புறம், காசு கட்டி ஆடுறானுங்க, அதான், என்றேன்.
குறை சொல்ல ஆள் தீர்ந்துபோன ஒரு ராத்திரி
செத்த ஆட்டத்தையே திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.

தன் சாவைத் தானே
மெதுவாக, மூன்று முறை,
பேப்பர் கப் டீயோடு பார்ப்பது
ஒரு மாதிரியான வேலை.
இங்கே மேடு ஏறினேன், வயிறு தெரிந்தது.
இங்கே தனியாகப் போனேன்.
இங்கே சுட்டுவிட்டு நகராமல்
பட்டதா இல்லையா என்று வேடிக்கை பார்த்தேன்.
வேடிக்கை பார்த்தவனைத்தான் வண்டி அடிக்கும்,
ரோட்டில் எனக்கு இது தெரியும்.
தெரிந்தது ஏன்
விரல்வரைக்கும் வரவில்லை?

"இன்னாணா, எத்தினி?"
"இருநூத்தி எழுபத்தாறு."
"ஜெயிச்சதா?"
"செத்தது."

இன்று விடியற்காலை, பின்னாலிருந்து ஒரு பதினாறு சக்கரம்
ஓரமாக உள்ளே நுழையப் பார்த்தது.
யோசிக்கவே இல்லை.
ஸ்டியரிங்கை ஒரு கால் சுற்று ஒடித்து
மூஞ்சியைக் கொஞ்சம் சாய்த்து நிறுத்தினேன்.
வரிசையில் எவனும் புக முடியாத
எங்கள் எல்லாருக்கும் தெரிந்த அந்தச் சாய்வு.
அவன் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்தான்.

போனை எடுத்தேன். பனி கொட்டும் ஊர்.
கேபினுக்குள் வியர்வை, மணலிப் பக்கத்துக் காற்றில்
மூக்கைச் சுடும் ஏதோ ஒரு நெடி.
உடைந்த சர்ச் மூலையில்
டாங்கியை அதே மாதிரி,
ஒரு கால் சுற்று.

குண்டு வந்தது.
டங் என்றது.
வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

மறுபடி ஒன்று. டங்.

எனக்குக் கை நடுங்கியது, சத்தியமாக.
முதல் சம்பளத்துக்குக்கூட இப்படி நடுங்கவில்லை.
நான்கு நிமிடம் உயிரோடு இருந்தேன்.
பதினாலு பேரில் மிச்சம் ஐந்து பேர்,
அதில் நான் ஒருவன்,
திட்டிய பொடியன் இல்லை.

அப்போதுதான் முன்வண்டி நகர்ந்தது.
நூற்றுப்பத்து ஹாரனும் ஒன்றாக.
இரண்டு டாங்கியை ஒருவன் ஓட்ட முடியாது.
போனை இம்தாத் மடியில் போட்டு
கியரைத் தட்டினேன்.

முப்பதடி போனோம். நின்றோம்.

"ணா," என்றான், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்,
"ஒரு மரம் சுட்டுச்சுணா."

எத்தனை நொடி என்று கேட்டேன்.
ஒன்பது என்றான்.

பரவாயில்லை, டீ வாங்கி வா,
அதைத் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம்.
கேட்டுக்கு இன்னும் நூற்றெட்டு வண்டி இருக்கிறது.