உப்புக் காணாது

கச்சேரிக் கணக்கில் மூன்று பேர்.
மாதகலில் கேட்டால் ஐந்து.
கைத்தாம்பிள்ளையின் வண்டில் மாட்டையும் சேர்த்தால் ஆறு;
அவர் சாகும்வரை சேர்த்தே சொன்னார்.

கூப்பன் அரிசி வந்த வருசம்.
வடகடல் எண்ணெய் ஊற்றினதுபோல்
அசையாமல் கிடந்த சோளக மாதம்.
முதலில் சந்தியோகு.
கரைவலையின் கடைசிக் கயிற்றில்
இடுப்பளவு தண்ணீரில் நின்றவன்
"ஆரடா காலை இழுக்கிறது" என்று சிரித்தானாம்.
சிரித்து முடிக்கவில்லை.

நாலு நாள் கழித்து, மாடு.
அடுத்த ஞாயிறு, பூசைக்கு முன்னம்
கடலட்டைக்கு மூழ்கிய அண்ணனும் தம்பியும்.
தம்பி கரைக்கு வந்தான்,
அண்ணனின் கையைப் பிடித்தபடி.
கையை மட்டும்.

முழங்காலுக்கு மேல் இறங்கப்படாது என்று
விதானையார் பறையறைவித்தார்.
முழங்கால் தண்ணீரில்
உலைக்கு ஆகிற மீன் நிற்பதில்லை.
சுவாமியார் தீர்த்தம் தெளித்தார்.
கடல் அதையும் வாங்கிக்கொண்டது.

என் தகப்பன் எஸ்தாக்கி
அந்த மூன்றில் இல்லை.
கயிறறுத்துப் போன வள்ளத்தை மறிக்க நீந்தியவர்.
வள்ளம் மூன்றாம் நாள் தானாக வந்து கரைதட்டியது.
பிரேதம் இல்லாமல் மரண விசாரணை இல்லை;
விசாரணை இல்லாவிட்டால்
கச்சேரிக்கு அவர் இன்னும் நீந்திக்கொண்டிருக்கிறார்.

நான் பிறந்து அப்போது பதினொரு நாள்.
அம்மாவுக்குப் பால் வற்றிப்போனது.

ஆட்டுக் குடலை நங்கூரத்தில் கோத்து
ஒரு கிழமை காத்திருந்து பிடித்தார்கள்.
துலா நீளம். கிழட்டுச் சுறா,
ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது.
விதானையாருக்கு முன்னால் வயிற்றைக் கீறினார்கள்.
பிறகு பங்கு.

மருத்துவிச்சி பிரகாசியம்மா
உள்ளி தட்டி, மிளகு இடித்துத் தூவி,
தேங்காய்ப்பூப் போட்டு
சுறா வறை கொண்டுவந்தாள்.
பிள்ளை பெத்தவளுக்குப் பால் ஊற
எங்கள் கரையில் வேறு மருந்து கிடையாது.

அம்மா கோப்பையைப் பார்த்தாள்.
"வயிறு பாத்தனீங்களோ?"
"ஓம்."
"என்ன கிடந்தது?"
"தகரப் பேணி ஒண்டு. ஆமையோடு. வலைக்கட்டை."
"வேறை?"
"வேறை ஒண்டுமில்லைப் பிள்ளை."

நான் அழுதேனாம்.
அம்மா ஒரு வாய் எடுத்தாள்.
மென்றாள். கனநேரம் மென்றாள்.
"உப்புக் காணாது" என்றாள்.

அதற்குப் பிறகு சுறா கடிக்கவில்லை.
ஏன் வந்தது, ஏன் விட்டது
என்று தெரிந்தவர் இல்லை.
பிந்திய வருசங்களில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களை
ஒருவரும் சுறாவின் கணக்கில் எழுதவில்லை.
கச்சேரிக்கு அப்போதும்
பிரேதம் வேண்டியிருந்தது.

ஐம்பது வருசம் சந்தையில் மீன் கூறினேன்.
சுறா வந்தால், விலை சொல்லுமுன்
கீறின வயிற்றுக்குள் கை விட்டுத் துழாவுவேன்.
என்னத்தைத் தேடுறாய் என்பார்கள்.

தகரப் பேணி, என்பேன்.